முப்பத்தொன்பது ஜார்கள்

வெள்ளானூரில் நாற்பது வீடுள்ள அடுக்குமாடிக்கு ஆக்னஸ்தான் செயலாளர். தண்ணீர் லாரி, லிஃப்ட் என்று விழுந்து விழுந்து எழுதி, வாராவாரம் எல்லாருக்கும் மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்புவாள். திறந்து பார்ப்பவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி அவளே. தனிக்கட்டை. வீட்டில் மிக்ஸிகூடக் கிடையாது, சட்னியும் பார்சல்தான், அவள் குப்பைக்கூடையே சொல்லும். மடல்தான் அவளுக்குப் பிள்ளைகுட்டி.

"இந்த வாரமும் எவனும் படிக்கலைன்னா நிறுத்திடலாம் மேடம்" என்று தலைவர் ஸ்ரீநாத் இளித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த பதினோரு மணிக்கு, தலைப்பில் ஒரு பொய்யை வைத்து அனுப்பினாள்: 'பூட்டிய உங்கள் வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டுகிறார்கள்.'

நாற்பதும் திறக்கப்பட்டன.

சாயங்காலம் முப்பத்தொன்பது வீட்டாரும் கீழே கூடிக் கத்தினார்கள். "அது சும்மா ஒரு பொய்..." என்று மன்னிப்புக் கேட்க ஆக்னஸ் வாயெடுத்தாள்.

"பொய்யா? இன்னா மேடம், விளையாட்றியா?" கூட்டத்தில் முன்னால் நின்ற பச்சையப்பன் ஒரு மிக்ஸி ஜாரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பூட்டின ஊட்ல அரைச்சு வெச்சது யாரு? உனக்கு எப்டித் தெரியும்?"

உள்ளே கெட்டியாகத் தேங்காய்ச் சட்னி. ஜார் இன்னும் சூடாக இருந்தது. எல்லார் கையிலும் ஒரு ஜார் இருந்தது.

"எனக்கு இன்னா தெரியும்? படிக்கணும்னு எழுதினேன், அவ்ளோதான்!" என்று கத்திவிட்டு ஆக்னஸ் மாடியேறினாள்.

பூட்டிய அவள் வீட்டுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"எவண்டா அது, என் ஊட்ல?" என்று கதவைக் குத்தினாள்.

மிக்ஸி நின்றது. மூடியைத் திறந்து கரண்டியால் வழித்துவிடும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது. பிறகு மறுபடி ஓடியது.