இனிஷியல்

பர்மாவின் யாங்கோன் நகரம், பசுந்தாங் பகுதி. நாளைய கூட்டத்துக்கான பேச்சைப் பர்கத்துல்லா மனைவியிடம் வாசித்துக் காட்டினார்.

"அரபுகளும் யூதர்களும் ஒரே தகப்பன் இப்ராஹீமின் பிள்ளைகள். தாய் வேறு என்பதற்காக அண்ணன் தம்பி பகைக்கலாமா என்று கேட்கிறார், சமாதானத்துக்காக வாதாடிய ஒரு யூத மத ஞானி."

"நல்லா இருக்குங்க," என்றாள் நூருன்னிசா.

"என்ன இருந்து என்ன? அந்த சர்ஃபராஸ் பேசினாத்தான் கைதட்டுவாங்க. நோட்டீஸ்ல அவன் பேரு எனக்கு மேல."

"அதுக்கா இப்படி வயிறெரியுறீங்க?"

"மேல இருந்துட்டுப் போகட்டும். முன்னால 'மு' போட்டிருக்கானே, அந்த இனிஷியலை எடுக்கச் சொல்லணும்."

நூருன்னிசா நோட்டீஸைப் பார்த்தாள். 'மு. சர்ஃபராஸ்', அதன்கீழே 'மு. பர்கத்துல்லா'.

"வேற என்ன எழுத்துப் போடுவாரு? அவரு உம்மா பர்மாக்காரங்க, சரி. வாப்பா உங்க வாப்பாதானே?"