வைபைக் கள்ளர்

"உம்மா, பிரிண்டர் அடிக்குதில்ல," என்றாள் சிபானா.

ஹாஜறா மடித்துக்கொண்டிருந்த சாரத்தை அப்படியே கட்டிலில் போட்டாள்.

"போன கிழம அடிச்சதுதானே. நீ எதையாவது அமத்தியிருப்பாய்."

"ஒண்டும் அமத்தல்ல. ஓஃப்லைன் எண்டு காட்டுது. லப்டொப்புக்குப் பிரிண்டர் தெரியுதில்லயாம்."

"ரெண்டும் ஒரே மேசையில கிடக்கு. தெரியுதில்லயாம்."

அடிக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஈமெயிலில் வந்த கடிதம். லப்டொப்பில் இறக்கி வைத்தாயிற்று, தாளில்தான் வரமாட்டேன் என்கிறது. நாளை காலையில் ஹாஜறாவின் கணவர் சாலிஹின் இதயத்துக்குள் குழாய் விட்டு அடைப்பைப் பார்க்கப் போகிறார்கள். கடிதத்தைக் கையில் கொண்டு வராவிட்டால் வாட்டில் சேர்க்க மாட்டோம் என்று போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தவணை தவறினால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

வாப்பாவோடு கொழும்புக்குப் போவதற்காகத்தான் சிபானா மருதமுனையிலிருந்து விடியவே வந்திருந்தாள். ஜும்ஆ முடிந்த கையோடு வேன் வரும்.

"கொமினிகேஷன் கடைக்கு ஓடிப்போய் அடிச்சுட்டு வாறன் உம்மா."

"ஜும்ஆ நேரம் சாய்ந்தமருதுல எந்தக் கடை திறந்து கிடக்கு? பூட்டப் பாத்துட்டு வரப் போறியா?"

"வாப்பாட்டக் கேப்பமா?"

"பள்ளிக்குள்ள இருக்கிற மனுசன். போன் ஓஃப்."

சிபானா பிரிண்டரை அணைத்துப் போட்டாள். தாளை எடுத்து வைத்தாள். மூடியைத் திறந்து மூடினாள். லப்டொப்பையும் ஒருமுறை அணைத்துப் போட்டாள். ஓஃப்லைன்.

"இதுக்கு ஒரு கேபிள் இருந்திச்சே, எங்க?"

"அந்தக் கறுப்பு வயரா? வைபை இருக்கக்குள்ள அது என்னத்துக்கு எண்டு பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டன்."

சிபானா உம்மாவைப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? கோளாறு வயர்ல இல்ல, வைபையில. யார்ட வேல எண்டும் எனக்குத் தெரியும்."

"உம்மா, இப்ப தொடங்காதீங்க."

பக்கத்து வீட்டு மர்ஷூதா பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறவள். பின்னேரமானால் அவளுடைய பிள்ளைகள் இரண்டும் போனோடு மதிலடியில்தான் குந்தியிருக்கும். ஹாஜறாவுக்கு அது போதும். தன் வீட்டு வைபையைத்தான் உறிஞ்சுகிறார்கள் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். கம்பியூட்டர் டீச்சருக்குப் பாஸ்வேட் உடைக்கத் தெரியாதா என்பது அவள் வாதம்.

"அதுகள் இழுத்த இழுவையில பிரிண்டருக்கு மிச்சமில்ல," என்றாள் இப்போது.

"அப்பிடி முடிஞ்சு போற சாமான் இல்ல உம்மா அது."

"ஒரு மோட்டர்ல ரெண்டு வீட்டுக்குத் தண்ணி இழுத்தா வேகம் குறையுதில்லயா? நீ எனக்குப் படிப்பிக்காத."

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

"மர்ஷூதா."

மர்ஷூதா ஈரக் கையோடு வந்தாள்.

"உன்ட புள்ளைகள இண்டைக்காவது நிப்பாட்டச் சொல்லு. என்ட மனுசன்ட உசிரு ஒரு தாளுல தொங்குது. உங்களுக்கு ஓசியில படம் பாக்கணும்."

"என்ன ராத்தா நடந்த?"

"பிரிண்டர் ஓஃப்லைன் எண்டு நிக்குது டீச்சர்," என்றாள் பின்னால் வந்த சிபானா. "வேன் வாற நேரம்."

மர்ஷூதா எதையோ சொல்ல வாய் திறந்தாள். ஹாஜறாவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நான் வந்து ஒருக்காப் பாக்கட்டா?"

"பாரு. கெடுத்தவங்கதான் பாக்கணும்."

மர்ஷூதா உட்காரக்கூட இல்லை. லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, திரையின் ஒரு மூலையில் எதையோ மாற்றினாள். பிரிண்டர் முனகியது. பிறகு தாளை இழுத்தது. கடிதம் முழுதாக வெளியே வந்ததும்தான் சிபானா மூச்சு விட்டாள்.

"என்ன செஞ்ச நீ?" என்றாள் ஹாஜறா.

"எங்கட பக்கத்தால வந்த பிழைதான் ராத்தா. சரியாக்கிட்டன்."

"அப்ப ஒத்துக்கிறாய்."

"மன்னிச்சுக்கங்க. புள்ளைகள இனி மதிலடிக்கு விடமாட்டன். சாலிஹ் காக்கா சுகமாப் போய் வரட்டும், நாங்க துஆச் செய்றம்."

"துஆச் செய்யக்குள்ள, அடுத்த வீட்டுச் சாமான எடுத்ததுக்குத் தௌபாவும் செஞ்சுக்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

மர்ஷூதா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். சிபானாவுக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று.

சாலிஹ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது வேனும் வாசலுக்கு வந்துவிட்டது. ஹாஜறா கடிதத்தை அவர் கையில் வைத்தாள்.

"பாருங்க, நான் கேட்ட கேள்வியில வந்து தானே சரியாக்கிட்டுப் போறாள். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாள். இவ்வளவு நாளா நம்மட வைபையில..."

சாலிஹ் கதிரையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"என்ன, நெஞ்சு நோகுதா?"

"இல்ல. நீ கொஞ்சம் சத்தத்தக் குற." அவர் மதில் பக்கம் ஒருமுறை பார்த்தார். "செவ்வாக்கிழம அடிச்ச காத்துக்கு நம்மட லைன் அறுந்து கிடக்கு ஹாஜறா. வைபை எங்க நமக்கு?"

"பொய் செல்லாதீங்க. என்ட போனுக்கு வருதே."

"அது மர்ஷூதாட வைபை. ஆஸ்பத்திரிக் கடிதம் வரணுமே எண்டு லப்டொப்பையும் உன்ட போனையும் மதிலால எடுத்துக் குடுத்தன், அந்தப் புள்ளதான் தன்ட வைபையில போட்டுத் தந்த. பிரிண்டர மட்டும் குடுக்கல்ல, அது நம்மட செத்த வைபையிலயே நிண்டுட்டு. இப்ப லப்டொப்பத் திருப்பி அதுக்கே மாத்தியிருப்பா, நெட் இல்லாட்டியும் பிரிண்ட் அடிக்கும்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ராத்தா அறிஞ்சா வெக்கப்படுவா, செல்லிடாதீங்க எண்டதும் அவதான்."