மாம்பலம் ஃப்ளாட்டுக்கு இன்னும் மூணு வருஷம்

ஜெயபாரதி இடுப்பில் ஒரு கையை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல எழுந்து நின்றாள். அதைப் பார்த்த கஸ்தூரிரங்கனுக்குச் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸை எடுக்கக் கை வரவில்லை.

வக்கீலிடம் சொல்லி டைப் அடித்து வாங்கிய நோட்டீஸ். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள இந்த மாடி ஃப்ளாட் அவருடையது. எழுபத்தொன்றில் கருணாகரனுக்கு எழுதிக் கொடுத்த மூன்று வருஷ லீஸ் இந்தப் பங்குனியோடு முடிகிறது, நீட்டிப்பு கிடையாது, காலி செய்யவும் என்று அதில் கண்டிருந்தது. ரிடையரான மனுஷர், மயிலாப்பூர் வாடகை வீட்டை விட்டுவிட்டுச் சொந்த வீட்டுக்கே வந்துவிடுவதாக முடிவு கட்டிவிட்டார்.

எல்லாம் தம்பி கோதண்டபாணி போட்ட தூபம். தம்பிக்கு அடுத்த தெருவில் ஜாகை, நாள் முழுக்கச் சீட்டுக் கச்சேரி. அண்ணாவும் வந்து சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கூட வந்திருந்த அவர் மனைவி சுந்தரவல்லி மாமிக்கு இதில் துளிக்கூட இஷ்டமில்லை. முப்பது வருஷமாக விடிந்தால் குளக்கரை, சாயங்காலம் கோயில், வழியெல்லாம் பேச்சுத்துணை என்று இருந்தவளைச் சீட்டாடுகிறவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுக்க மாம்பலத்துக்கு வா என்றால் வயிறு எரியாதா? மன்றாடினாள், அழுதுகூடப் பார்த்தாள். நாலு பெற்று ஆளாக்கியவள் பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை மாசம்?" என்று கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"ஏழு நடக்குது சார்," என்றான் அவள் புருஷன் கருணாகரன். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். கடைக்கு நடந்தே போய் வந்துவிடுகிறேன், இந்த வாடகைக்கு இன்னொரு வீடு மெட்ராஸ் முழுக்க நாயாய் அலைந்தாலும் கிடைக்காது என்று நீட்டி முழக்கினான். கடைசியில், "வாயும் வயிறுமா இருக்கிறவள வீடு மாத்தக் கூடாதும்பாங்க சார், எங்க ஊர்ப் பக்கம்," என்று ஒரு போடு போட்டான்.

ஊர்ப் பக்கம் என்ன, மயிலாப்பூரிலும் அதே சாஸ்திரம்தான். அந்தப் பாவம் தலைமுறைக்கும் விடாது என்று நம்புகிறவர் கஸ்தூரிரங்கன். ராகுகாலம் கழியாமல் முகச்சவரம்கூடப் பண்ணிக்கொள்ளாத மனுஷர்.

நோட்டீஸை எடுக்கப் போன கை பேனாவை எடுத்தது. அது நழுவி, கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. கருணாகரன் திரும்புவதற்குள் ஜெயபாரதியே சட்டென்று குனிந்து, தலையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அவர் உருகிப்போனார். மாமி காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஆறு மாசம் கூடத் தரேன். நல்லபடியாப் பிரசவம் ஆகட்டும்," என்றார்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தாள். "நன்னாயிருக்கு. கைக்குழந்தையை வெச்சுண்டு அவா எங்க போய் வீடு தேடுவா? மூணு வருஷம்னு போடுங்கோ."

கஸ்தூரிரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் பாவம். கடைசியில் பழைய பத்திரத்தின் பின்பக்கத்திலேயே மூன்று வருஷ நீட்டிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோதண்டபாணிக்கு என்ன பதில் சொல்வது என்று முனகியபடி ரிக்‌ஷா பிடிக்கக் கீழே இறங்கினார். கருணாகரன் அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மாமி மட்டும் பின்தங்கினாள். ஜெயபாரதி நீட்டிய குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டாள். கண் கலங்கிப்போய், "இந்த உதவிய மறக்கவே மாட்டேன் மாமி," என்று காலில் விழப்போனவளைத் தடுத்து நிறுத்தி, அவள் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"ஏழு மாசத்துக்கு இவ்வளவு மேல இருக்காதுடி, தலகாணியக் கொஞ்சம் இறக்கிக் கட்டு."