நாக்குக்கு அடியில்

தாட்சுவோ உயிரோடிருந்தவரை அவர் மனைவி கினுவேவுக்குத் தினமும் காலையில் ஒரே பாடுதான். பிரஷர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, அப்புறம் பூந்தொட்டியில் துப்பிவிடுவார். "ஆ காட்டுங்க" என்றால் சமர்த்தாகக் காட்டுவார். "நாக்கைத் தூக்குங்க" என்றால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

இப்போது அவளுக்கும் பிரஷர். மாத்திரை மறந்து மறந்து போனது. "அப்பா படத்துக்குத் தினமும் டீ வெக்கிறியே, அதோட சேத்துப் போட்டுக்கோம்மா" என்றாள் மகள் சிசுரு. அப்படியே பழகிக்கொண்டாள். வீட்டுப் புத்தர் மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் சோறும் டீயும் வைப்பாள், சின்ன மணியைத் தட்டுவாள், மாத்திரையை விழுங்குவாள்.

இன்று மணியைத் தட்டும்போது அடுப்பில் மிசோ சூப் பொங்கியது. கையிலிருந்த மாத்திரையை டீக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது மாத்திரையைக் காணோம். டீயும் ஒரு வாய் குறைந்திருந்தது.

"ஏங்க, அது என்னோடதுங்க" என்றாள். சிரிப்பு வந்தது. "இந்தப் புத்தி அப்பவே வந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்திருப்பீங்க." பழக்கதோஷத்தில் அதட்டினாள். "எங்க, ஆ காட்டுங்க."

எட்டு வருஷமாக வாயை மூடியிருந்த படத்தில் தாட்சுவோ வாயை அகலத் திறந்திருந்தார். நாக்கையும் தூக்கியிருந்தார். அடியில் ஒன்றுமில்லை.