மூலக்குளத்து ஒயிட் டவுன்

“ஏங்க, ஆட்டோ சத்தம் கேக்குது. வந்துட்டாங்க போல. அந்தத் துணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஓடுங்க.”

சுமலதா போட்ட சத்தத்தில் கலைவாணன் காய்ந்த துணியோடு காயாத லுங்கியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு ஓடினான். சும்மாவா? வரப்போவது முதல் கெஸ்ட்.

சேதராப்பட்டில் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மூலக்குளத்து வீட்டின் முன்பாதியை ஹோம் ஸ்டே ஆக்கியிருந்தாள் சுமலதா. பாண்டிச்சேரிக்கு ஜனங்கள் எதற்கு வருகிறார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன ஒயிட் டவுனைப் பார்க்கத்தானே. அங்கே ரூம் கிடைக்காதவர்களுக்கு இங்கேயே ஒரு ஒயிட் டவுன் இருந்துவிட்டால்?

பெயின்டரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தத் தெருக்களையெல்லாம் சுற்றிக் காட்டினாள். ரோஸ் கலரில் இருந்த வீடு மஞ்சளாகி, ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை ஏறியது. ஜன்னல்களுக்கு நீலத்தில் மரக்கதவு வந்தது. வாசலில் காகிதப்பூச் செடி, ஹாலில் பிரம்பு நாற்காலி, அந்தக் காலத்து மாதிரி ஒரு விளக்கு. இதெல்லாம் போதாதென்று, அங்கே தெருமுனையில் பெயர் மாட்டியிருப்பதுபோல நீலப் பலகையில் பிரெஞ்சில் ‘ரூ சுமலதா’, அதாவது சுமலதா தெரு, என்று எழுதி வாசலுக்கு மேலே மாட்டினாள். இது கொஞ்சம் ஓவர் என்று கலைவாணன் சொல்லிப் பார்த்தான். புருஷன் சொல்லி எந்த வீட்டில் எந்தப் பலகை இறங்கியிருக்கிறது?

முதலில் வருகிறவர்கள் புக்கிங் ஆப்பில் எத்தனை ஸ்டார் போடுகிறார்களோ அதுதான் தலையெழுத்து என்று, லாஸ்பேட்டையில் இதே தொழில் செய்யும் மாலா பயமுறுத்தி வைத்திருந்தாள். ஐந்து ஸ்டார் விழுந்தால் ஆள் வந்துகொண்டே இருக்கும். இரண்டு விழுந்தால் பழையபடி கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆட்டோவிலிருந்து கிருஷ்ணசாமி இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி செல்வாம்பாள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். கிருஷ்ணசாமி மஞ்சள் சுவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஆட்டோ போய்விட்டதா என்று திரும்பிப் பார்த்தார். மனிதர் அழகில் சொக்கிப்போய்விட்டார் என்று சுமலதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மெட்ராஸில் இருக்கிற பையன்தான் புக் பண்ணிக் கொடுத்தான், நாங்கள் போட்டோவெல்லாம் பார்க்கவில்லை என்றாள் செல்வாம்பாள். அப்படியானால் எல்லாமே புதுசாக இருக்கும் என்று சுமலதாவுக்கு இன்னும் சந்தோஷம். ஜன்னலைத் திறந்து காட்டினாள், நாற்காலியில் உட்காரவைத்தாள், விளக்கைப் பட்டப்பகலில் போட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஒயிட் டவுன் சுற்றிப் பார்க்க கார் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மட்டும், வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த பிரெஞ்ச் ரொட்டியையும் அவர்கள் தொடவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கருவாட்டுக் குழம்பின் வாசனையைப் பிடித்தபடியே எழுந்து, சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டார்கள். சுமலதா பதறிப் பின்னாலேயே ஓடினாள்.

பின்பக்கம் என்றால், முன்னால் வைக்க லாயக்கில்லை என்று அவள் தள்ளிவிட்டதெல்லாம் கிடக்கிற இடம். துவைக்கிற கல், துணிக்கொடி, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி, கம்பளிப்பூச்சி விழும் முருங்கை மரம். சுவரில் பழைய ரோஸ் கலர் அப்படியே இருந்தது. முன்னால் காற்று நன்றாக வரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ம்ஹூம். சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஜோடி அங்கேயேதான் கிடந்தது.

செல்வாம்பாள் நைட்டியோடு காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியோடு மதிலுக்கு இந்தப் பக்கமிருந்தே ஊர்க்கதை பேசினாள். கிருஷ்ணசாமி பனியனோடு மரத்தடியில் குறட்டை விட்டார். நடுநடுவே எழுந்து வந்து, சுமலதா திறந்து வைத்திருந்த வாசற்கதவைச் சாத்திவிட்டுப் போய் மறுபடியும் படுத்தார்.

“போச்சுங்க. நம்ம பிரெஞ்ச் எடுபடல” என்றாள் சுமலதா, அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிறு இருட்டும் நேரத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சுமலதா தயங்கித் தயங்கி ஸ்டார் விஷயத்தைச் சொன்னாள். கிருஷ்ணசாமி போனை எடுத்துத் தட்டிவிட்டு அவளிடமே காட்டினார். ஐந்து ஸ்டார். கீழே, ‘சொர்க்கம்’ என்று ஒரு வார்த்தை.

சுமலதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலைவாணனைக் கூப்பிட்டுக் காட்டினாள், மதிலை எட்டி அஞ்சலாட்சிக்கும் காட்டினாள். அடுத்த மாதமும் அவசியம் வரவேண்டும் என்று செல்வாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த மாசமா? வர்ற சனிக்கிழமையே வரோம். வாராவாரம் வரோம். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி இருந்துக்குங்க, பின்பக்கத்த எங்களுக்குக் குடுத்துடுங்க.”

“முன்பக்கம் புடிக்கலிங்களாம்மா? மெட்ராஸ்ல இந்த மாதிரி வீடெல்லாம் இருக்காதேன்னுதான் பார்த்துப் பார்த்துப் பண்ணேன்.”

“மெட்ராஸா?” செல்வாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். “எங்க வீடே ஒயிட் டவுன்லதாம்மா இருக்கு. சனி ஞாயிறு ஆனா வாசப்படியில நின்னு போட்டோ எடுக்கறவங்க கூட்டம் தாங்கல, நைட்டியோட கதவத் தொறக்க முடியல. அவங்களுக்குப் பயந்துதான் ஓடி வந்தோம். வந்து ஆட்டோவ விட்டு எறங்கினா, இங்கயும் எங்க வாசலே வந்து நிக்குது.”