டாக்டர் சொன்ன வாக்கியம்

டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, சொல்லிவிட்டு, காத்து நின்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் இன்னும் பிடிபடவில்லை.

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள்.

மாமியார் பேச்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் இறந்துவிட்டதை நர்ஸ் முன்பே தமிழில் சொல்லியிருந்தாள். இப்போது டாக்டர் சொன்னது அதற்கான காரணம்.

"என்னட்டி சொல்லுதாரு?"



நீண்ட வாக்கியம். பழக்கத்தில் மனம் அதைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிட்டது. முதன்மை வாக்கியம் ஒன்று. அதைச் சுற்றித் துணை வாக்கியங்கள்.

ரத்தப் பரிசோதனைப்படி மாரடைப்பு காலையிலேயே தொடங்கியிருக்கிறது; அப்போதே கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். மதியத்துக்கு மேல் யார் என்ன செய்திருந்தாலும் பலன் இருந்திருக்காது.

காலையில் வலி தொடங்கியது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது கண்ணாடி முன் நின்று சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். கணவன் சுயம்பு கட்டிலில் உட்கார்ந்து இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருவமா? நெஞ்சு என்னவோ பண்ணுது."

"இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன்னு தெரியும்லா? வாயுவாத்தான் இருக்கும். சாயங்காலம் பாப்போம்."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லை.

பள்ளியில் பாடம் நன்றாகப் போனது. கரும்பலகையில் ஒரு கலவை வாக்கியத்தை எழுதினாள். துணை வாக்கியத்தை டஸ்டரால் அழித்துவிட்டு, மிச்சம் நிற்கிறதா என்று கேட்டாள்.

நிற்கிறது மிஸ், என்றார்கள் பிள்ளைகள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதிகாரி தலையை ஆட்டி ரசித்தார்.

கைப்பைக்குள் போன் ஒலியில்லாமல் கிடந்தது. சுயம்பு கூப்பிட்டிருந்தான். மறுபடியும் கூப்பிட்டிருந்தான்.

மதியம் அவன் மாடியிலிருந்து இறங்கி அம்மாவிடம் வந்திருக்கிறான். நெஞ்சடைக்கிறது என்றிருக்கிறான். காலையிலிருந்து வலிப்பதைச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் ஓமம் கொதிக்க வைத்தாள். ஆற்றிக் கொடுத்தாள். நெஞ்சை நீவிவிட்டாள். ஏப்பம் வருமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் சரிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் காருக்கு ஓடினாள்.

"சொல்லுட்டி. எம்புள்ளைக்கு என்னவாம்?"

சொல்லத்தான் வாயெடுத்தாள். காலை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

பேச்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் இன்னும் ஓம வாசனை.

"கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பாவளாம்."

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

காலையை எடுத்துவிட்டாள். மதியத்தையும் எடுத்துவிட்டாள். மிச்சம் நின்றது.

"கொஞ்சம் முன்னாலன்னா? அர மணி நேரமாட்டி?"

தலையசைத்தாள்.

பிடித்திருந்த கை விட்டுப்போனது. பேச்சியம்மாள் சுவரோடு சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். அம்மாவுக்கு எல்லாம் புரிந்ததா என்று அவளிடம் கேட்டார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"எஸ் டாக்டர்."

அவர் போய்விட்டார்.

சாத்தான்குளத்திலிருந்து சுயம்புவின் அக்கா பொன்னுத்தாய் வந்து சேர்ந்தபோது பேச்சியம்மாளுக்குக் குரல் திரும்பியிருந்தது. யாரும் கேட்காமலே சொன்னாள்.

"நாந்தாம்ளா கொன்னுட்டேன். ஓமத்தண்ணி குடுத்துட்டு ஏப்பம் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன் பாவி. அர மணி நேரம் முந்தி வந்திருந்தா பொழச்சிருப்பானாம். டாக்டரே சொல்லிட்டாரு."

பொன்னுத்தாய் அம்மாவைப் பார்த்தாள். பெற்ற தாயைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

பிறகு அம்மாவைத் தாண்டி வந்து தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவளும் அழுதாள். அது உண்மையான அழுகை. அவன் கேட்ட குரல் காதிலேயே நின்றது. இப்போதும் சொல்லிவிடலாம். பொன்னுத்தாயின் தோளில் வாய் அழுந்தியிருந்தது. சொன்னால் இந்தக் கைகள் விலகிவிடும்.

வாயை எடுக்காமலே அழுது முடித்தாள்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் பேச்சியம்மாள் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அரை மணி நேரம் உறுதிப்பட்டது. முதலில் ஆறுதல் சொன்னவர்கள்கூட மெதுவாக எட்டி நின்றார்கள்.

சாயங்காலம் உடலைக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

வராந்தாவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சியம்மாள் எழுந்தாள். மூட்டு வலியில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். மருமகள் முன்னால் நின்றாள். நின்றவள் அப்படியே மடங்கி விழுந்து அவள் கால்களைப் பிடித்தாள்.

"ஒன் தாலிய நான் அறுத்துட்டேன்ட்டி. என்னைய மன்னிச்சிரு."



அவள் குனிந்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினாள். கிழவி உடம்பில் கனமே இல்லை. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதிய அத்த. தெரியாமத்தான செஞ்சிய."

பொன்னுத்தாய் விம்மினாள். இப்படி ஒரு மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

பேச்சியம்மாள் அவள் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.