ரசத்தில் வானவில்

நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை அது. கீழே தண்ணீரில் வானவில் போல ஒரு படலம் மிதப்பதைச் சூசைராஜ்தான் பார்த்துச் சொன்னான். கசிவு என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். குழாய் குழாயாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நின்றுபோன வேலையை முடிக்க எல்லாருடைய பொங்கல் விடுப்பும் ரத்தானது. அன்றிலிருந்து அவனோடு யாரும் பேசுவதில்லை. அவன் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசை காலியாகிவிடும்.

“சூசை ரசத்துல வானவில் தெரியுதாம். அடுப்ப நிறுத்தச் சொல்லுங்கடா!” அடுத்த மேசை சிரித்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

சமையல்காரர் கலியமூர்த்தி எதிரே வந்து நின்றார். கையில் ஒரு டின், அதில் வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய்.

“தம்பி, இத எப்பவும் கடல்லதான் ஊத்துவேன். நீ படலம் பாத்த அன்னைக்கும் ஊத்துனேன்,” என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “இனிமே எங்க ஊத்துறது?”

சூசைராஜ் நிமிர்ந்து டின்னையும் அவரையும் பார்த்தான்.

“என்ன கலியண்ணே, அவன்கிட்ட ரகசியம்?” என்றது அடுத்த மேசை.

“ஒண்ணுமில்ல,” என்றான் சூசைராஜ். “அண்ணன் இன்னும் சாப்பிடலயாம்.” நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கலியமூர்த்தி உட்காரவில்லை. டின்னை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.